உள்பக்கத் தாழ்ப்பாள்

நிலநடுக்கம் வந்த திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நர்சம்மாவின் மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பிற்பகல் இடிபாடுகளை ஒதுக்கிக் கதவுவரை போய்ச் சேர்ந்தபோதும் அவள் குளித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டின் சுவர்கள், கூரை, மாடிப்படி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இடுப்புயரக் குவியலாகக் கிடக்க, குளியலறைக் கதவு மட்டும் தன் நிலைச்சட்டத்தோடு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாணவனைப் போல விறைப்பாக நின்றது. பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது காற்றும் உடைந்த ஓடுகளும் ஒரு பூனையும். முன்பக்கம் வந்து தட்டியவர்களுக்கோ குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது, கூடவே, "யாரு? உள்ள ஆள் இருக்கு" என்று ஒரு குரலும்.

நர்சம்மா அரசு மகப்பேறு மருத்துவமனையில் இருபத்தேழு ஆண்டுகள் பிரசவம் பார்த்தவர். குலுங்கல் நின்றதும் பதினோரு தாய்மார்களையும் ஒன்பது சிசுக்களையும் மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்து, அந்த மரத்தடியிலேயே மேலும் இரண்டு பிரசவங்களைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் ஓடினார். அதன்பின் இரண்டு நாளாகக் கடப்பாரையும் கையுமாக நின்றவர், அந்தக் குரலைக் கேட்டதும் கடப்பாரையைத் தம் காலிலேயே போட்டுக்கொண்டார். வலி மறுநாள்தான் தெரிந்தது. "நான்தான்மா, அத்தை" என்றார். "வந்துட்டீங்களா? துண்டை மறந்துட்டேன் அத்தை. கொடியில இருக்கும், எடுத்துக் குடுங்களேன்" என்றாள் மருமகள். கொடியும் இல்லை, கொடி கட்டியிருந்த சுவரும் இல்லை. நர்சம்மா தாம் அணிந்திருந்த வெள்ளை மேலங்கியைக் கழற்றி நீட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. ஈரக் கை ஒன்று நீண்டு அதை வாங்கிக்கொண்டது. கதவு மூடித் தாழ்ப்பாள் விழுந்தது. தெரு முழுவதும் முதலில் அழுதது, பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வரக் கால்மணி நேரம் ஆயிற்று என்று அங்கிருந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

சற்று நேரத்தில் மருமகள் உடுத்திக்கொண்டு கதவைத் திறக்க, நர்சம்மா இரத்த அழுத்தக் கருவியோடு உள்ளே போனார். அறை எப்போதும் போலவே இருந்தது. நாலடிக்கு ஐந்தடி, ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு கண்ணாடி, சுவரில் இரண்டு கொக்கிகள். மேலே இருந்த சிறு சன்னல் வழியாகப் பத்தேகால் மணி வெயில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே அப்போது நாலரை. மருமகளுக்கு அது எட்டரை மாதம், தலைப்பிரசவம். அழுத்தம் சரியாக இருந்தது. வயிற்றில் குழந்தை தலைகீழாகச் சமர்த்தாக இருந்தது. சரி, வெளியே வா என்று நர்சம்மா அழைத்தார். மருமகள் கதவிடுக்கு வழியாக ஊரை ஒருமுறை பார்த்தாள்; ஊர் இருந்த இடத்தைப் பார்த்தாள் என்பதே பொருத்தம்.

"வெளிய குளிக்க இடம் இருக்கா அத்தை?"

"இப்போதைக்கு இல்ல."

"கழிப்பறை?"

"மைதானத்துல முகாம் போடறாங்க. அங்க கட்டறாங்களாம்."

"உள்பக்கம் தாழ்ப்பாள் வெச்சுக் கட்டறாங்களா?"

நர்சம்மா பொய் சொல்லிப் பழகாதவர். தெரியாது என்றார். அப்படியானால் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்றாள் மருமகள். இங்கே தண்ணீர் வருகிறது, வெளிச்சம் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, வெளியே இவற்றில் ஒன்றாவது உண்டா என்று கேட்டாள். கேள்வியில் குற்றம் கண்டுபிடிக்க நர்சம்மாவால் இயலவில்லை. ஆனால் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது. நாலடிக்கு ஐந்தடி அறையில் தலைப்பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் போனால் என்ன செய்வது என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பேருந்து ஓட்டுநரான மகனோ பாலம் இடிந்த ஆற்றின் அக்கரையில், பேருந்தோடு அகப்பட்டுக் கிடந்தான். எனவே பொறுப்பு முழுவதும் தம் தலையில் விழுந்துவிட்டதை நர்சம்மா உணர்ந்தார். குழந்தை பிறக்கும்போது மருமகள் பத்திரமாக இருக்க வேண்டும். அவளாக வெளியே வரும்படி ஓர் இடத்தையும் வெளியே உண்டாக்க வேண்டும்.

முதல் வேலையாகக் கதவு முகாமுக்குப் போயிற்று. நிலைச்சட்டத்தோடு கதவைத் தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் போதும் என்று தெரிந்ததும் மீதி ஆறு பேர் வாய்க்கு வேலை கொடுத்தார்கள். கதவின் எடை கதவின் எடையாகவே இருந்தது. மருமகளும் வாளியும் குழாயும் அதில் சேரவில்லை. ஆனால் கதவைச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் அடியிடுக்கு வழியாகச் சோப்பு நுரை வழிந்து தூக்குபவர் காலை வழுக்கிவிட்டது. ஆகவே நட்டுக்குத்தலாகவே கொண்டுபோனார்கள். திருப்பங்களில், "இடது பக்கம் பள்ளம்மா, பிடிச்சுக்கோ" என்று நர்சம்மா எச்சரிக்க, "மெதுவாப் போகச் சொல்லுங்க அத்தை, வாளி ஆடுது" என்று கதவு பதில் சொல்லிற்று. வழியெல்லாம் இடிபாடுகளில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து ஒதுங்கி இடம் விட்டார்கள். முன்புறம் தூக்கியவர் ஊரின் தச்சர். மரத்தைத் தட்டிப் பார்த்து, நல்ல முதிர்ந்த கட்டை, இன்னும் நூறு வருடம் தாங்கும் என்று வழி நெடுகப் பாராட்டிக்கொண்டே வந்தார்.

அந்தத் தச்சர்தான் முகாமின் முப்பத்தாறு கழிப்பறைகளுக்கும் கதவு செய்தவர். ஐந்தே நாளில் முடித்தார். கதவு ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்திற்று. எல்லாக் கதவுகளிலும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அவர் முப்பத்துநான்கு ஆண்டுகளாகச் சரக்குக் கிடங்குகளுக்கு மட்டுமே கதவு செய்துவந்தவர். "கதவுன்னா தாழ்ப்பாள் வெளியதானே நர்சம்மா? உள்ள இருக்கற மூட்டை எந்திரிச்சு வந்தா போட்டுக்கப் போவுது?" என்று கள்ளங்கபடமில்லாமல் கேட்டார். உள்ளே போவது மூட்டை இல்லை என்று நர்சம்மா எடுத்துச் சொன்னார். தச்சர் தலையை ஆட்டினார்; ஆனால் கை முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கத்தை விடவில்லை. அடுத்து அவர் செய்த நான்கு குளியல் மறைப்புகளுக்கும் தாழ்ப்பாள் வெளியேதான் அமைந்தது.

முகாமில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் தையற்காரப் பெண் தனியே போனபோது, வேலையற்ற இரண்டு வாலிபர்கள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசலில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். கேட்டதற்கு விளையாட்டு என்றார்கள். அதன்பிறகு பெண்கள் ஓர் எளிய வழியைக் கண்டார்கள்: தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். நர்சம்மாவின் குறிப்பேட்டில் சிறுநீர் எரிச்சல் என்ற சொல் முப்பத்தொரு பெயர்களுக்கு எதிரே ஏறியது. கர்ப்பிணிகளுக்குத் தலைசுற்றியது, பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பால் குறைந்தது. மாத்திரை இருந்தது, ஆனால் அதை விழுங்கக்கூடத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள்.

இந்த நிலையில் மருமகளின் கதவுதான் கைகொடுத்தது. தட்டிய பெண்ணுக்கெல்லாம் அவள் தாழ்ப்பாளை விலக்கினாள். முதலில் ஒவ்வொருவராகப் போனார்கள், பிறகு மும்மூன்று பேராக. அறை அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. அவர்கள் வரத் தொடங்கிய மூன்றாம் நாள் சுவரில் ஆறு கொக்கிகள் இருந்தன, ஏழாம் நாள் நாற்பது. யாரும் கட்டாமலே தடுப்புச் சுவரும், அதன் பின்னே கழிப்பறையும், துணி துவைக்க ஒரு கல்லும், தலை துவட்ட ஒரு நீண்ட பலகையும் வந்து சேர்ந்தன. நிவாரண லாரி ஒன்று, எங்கோ யாரோ நல்ல மனத்தோடு அனுப்பிய, கோட்டோடு கட்டும் நானூறு கழுத்துப்பட்டைகளைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது; ஆண்கள் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தபோது, பெண்கள் உள்ளே எடுத்துப்போய் முடிச்சுப் போட்டுக் கொடி கட்டினார்கள். மாதவிலக்குத் துணிகளை எவர் கண்ணுக்கும் ஒளிக்காமல், பத்தேகால் மணி வெயிலில் மொறுமொறுவென்று உலர்த்தினார்கள். எட்டு மாதக் கர்ப்பிணிகள் இருவர் நாள்தோறும் வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்கள். நர்சம்மா மூலையில் ஒரு மேசை போட்டுப் பரிசோதனை நடத்தினார். பின்னதிர்வு வரும்போதெல்லாம் வெளியே கூடாரங்கள் ஆட, உள்ளே யாரோ மாடியில் நடப்பது போல மட்டும் கேட்டது. "மேல் வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு தலை வாரினார்கள்.

முகாம் அதிகாரி கெட்டவர் அல்லர். படிவத்தில் இடமில்லாத எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படாது, அவ்வளவே. நானூறு பெண்கள் ஒரு கதவுக்குள் போய்வருவதாகக் கேள்விப்பட்டு, அளவு நாடாவோடு ஆய்வுக்கு வந்தார். பெண்களை வெளியே வரச் சொன்னார். மருமகள் மட்டும் வர மறுத்தாள். பரவாயில்லை என்று உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே கூடியிருந்த அத்தனை பேரும், கதவுக்குப் பின்னால் சேற்றில் நின்றபடி அவர் வெட்டவெளியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளப்பதைப் பார்த்தார்கள். மருமகளோ அதே நேரத்தில் உள்ளே கண்ணாடி முன் நின்று பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லையே என்று பின்னர் சொன்னாள். அதிகாரி வெளியே வந்து, அறை காணப்படவில்லை என்றும், எனினும் பெண்கள் அதைப் பயன்படுத்திவருவதால் அதற்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

தொல்லை அந்தப் பாதுகாப்பிலிருந்துதான் வந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் மருமகளுக்கு வலி கண்டது. நர்சம்மா பன்னிரண்டு பெண்களை அவளோடு விட்டு, மதியம் சாய்ந்ததும் கையுறையும் கொதிக்கவைத்த நூலும் கத்திரியும் எடுத்துவர மருத்துவக் கூடாரத்துக்குப் போனார். போய்த் திரும்பிய முக்கால் மணி நேரத்துக்குள், மகளிர் பாதுகாப்பை முன்னிட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அமைத்து, மாலை நாலு மணி முதல் காலை ஆறு மணி வரை பூட்டி வைக்க வேண்டும் என்ற அதிகாரியின் ஆணை வந்து சேர்ந்திருந்தது. தச்சர் உள்ளே ஆள் உண்டா என்று தட்டிக்கூடப் பார்க்காமல் அதை உடனே நிறைவேற்றிவிட்டார். சாவி அதிகாரியின் பையில் ஏறி, அவரோடு ஆற்றங்கரை முகாமுக்கு ஆய்வுக்குப் போய்விட்டது.

நர்சம்மா கதவைத் தட்டினார். வயல்வெளியில் நட்ட பலகையைத் தட்டியது போல இருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை, பேச்சு இல்லை, வலியின் முனகல் இல்லை. சுற்றிப் போய்ப் பார்த்தார், சேறுதான் இருந்தது. பதின்மூன்று பெண்களும், பிறக்க வேண்டிய ஒரு பிள்ளையும் எங்கே என்று எவராலும் சொல்ல முடியவில்லை. நர்சம்மா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தாழ்ப்பாளைக் கழற்றுங்கள் என்று தச்சரிடம் சொன்னார். ஆணை இருக்கிறதே என்றார் தச்சர். நர்சம்மா கத்தவில்லை, அவர் பேசாமல் இரண்டடி முன்னே வந்தார். அது கத்தலைவிட மோசமாக இருந்தபடியால் தச்சர் பின்வாங்கி, திரும்பி நடந்து, பிறகு ஓடி, தாம் செய்த ஏழாவது கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே கை தடவும் சத்தம் கேட்டது. மேலே தடவினார், கீழே தடவினார், ஓரமெல்லாம் தடவினார். நர்சம்மா வெளியே தாழ்ப்பாளைப் போட்டார்.

"நர்சம்மா, தொறங்கம்மா."

"நீங்கதானே அண்ணே சாத்திக்கிட்டீங்க. உள்ளயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்குங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"உள்ள தாழ்ப்பாள் இல்லம்மா."

"யாரு செஞ்ச கதவு?"

நர்சம்மா தாழ்ப்பாளை நெடுநேரம் விலக்கவில்லை. நெடுநேரம் என்றால் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் வெளியே கூட்டம் சேர்ந்தது, யாரோ சிரித்தார்கள், யாரோ கதவை உதைத்தார்கள், யாரோ பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். நர்சம்மா அவர்களை விரட்டிவிட்டுத் தாழ்ப்பாளை விலக்கியபோது, தச்சர் மூலையில் ஒடுங்கிக் கதவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வியர்த்திருந்தது. "எங்க வீட்டுக்காரியும் இதுக்குள்ளதானேம்மா தினமும் வந்துட்டுப் போறா" என்றார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடினார். இந்த முறை கதவை நோக்கி.

வெளித் தாழ்ப்பாளில் ஆறு திருகாணிகள் இருந்தன. முதல் திருகாணி கழன்றதும் தொலைவில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டது. இரண்டாவதற்கு வாளி நகரும் ஓசை. மூன்றாவதற்குப் பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லும் ஓசை. அதைக் கேட்டே தச்சருக்குத் தெம்பு வந்தது. நான்காவதற்கு மருமகளின் அலறல். ஐந்தாவதற்கு அவள் கணவனை வைத வசவு, அதை இங்கே எழுத இயலாது. ஆறாவது கழன்று விழுந்ததும் பூட்டும் தாழ்ப்பாளும் சேற்றில் விழுந்தன. கதவு திறக்கவில்லை, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நர்சம்மா தட்டினார்.

"யாரு?"

"அத்தைம்மா. தொற."

"கை கழுவிட்டீங்களா?"

இருபத்தேழு ஆண்டுகளாக ஊரிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியையும் அந்தக் கேள்வியால் துளைத்தெடுத்தவர் நர்சம்மா. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கை கழுவினார். அறை அன்று ஒரு பிரசவக் கூடத்தின் அளவுக்கு விரிந்திருந்தது. நடுவில் உயரமான கட்டில், தலைமாட்டில் வெந்நீர்க் குழாய், கால்மாட்டில் நல்ல வெளிச்சம். இரத்தப்போக்கு சற்று மிகுந்தது. நர்சம்மா செய்ய வேண்டியதைச் செய்தார், நின்றது. பெண் குழந்தை. வெளியே மணி நாலே முக்கால், உள்ளே பத்தேகால். பிறப்புப் பதிவேட்டில் எதை எழுதுவது என்று அதிகாரி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டையும் எழுதினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில், மேற்படி கதவு என்று குறித்தார். மறுநாள் ஆற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்த மகனுக்குக் குழந்தையைக் கதவிடுக்கு வழியாக நீட்டிக் காட்டினார்கள். அவன் அதன் கால்விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

மருமகள் மட்டும் வெளியே வரவில்லை. கேட்டது கேட்டதுதான் என்றாள். தச்சர் ஒன்பது நாள் வேறு வேலை தொடவில்லை. முப்பத்தாறு கதவுகளிலும் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்தார். ஒவ்வொன்றையும் வைத்தபின் தாமே உள்ளே போய்ப் போட்டு, வெளியேயிருந்து கதவைத் தள்ளிப் பார்க்கும்படி தம் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி மனம்விட்டுத் தள்ளினார். ஒவ்வொரு தாழ்ப்பாளும் உள்பக்கம் ஏறியதும் அந்தக் கதவின் பின்னாலும் ஓர் அறை வந்தது. சில சிறியவை, சில பெரியவை, பதினான்காவதில் ஒரு சாய்வு நாற்காலிகூட இருந்தது. பெண்கள் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் லாரி ஓட்டுபவர், தொட்டியில் ஓட்டை விழுந்துவிட்டதென்று இரண்டு முறை அடியில் படுத்துப் பார்த்தார். நர்சம்மாவின் குறிப்பேட்டில் முப்பத்தொன்று என்பது இருபதாகி, ஒன்பதாகி, இரண்டாயிற்று. பாட்டுப் பாடிய வாலிபர்களைத் தையற்காரப் பெண் கையோடு பிடித்துவந்து, கழிப்பறைகளுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையில் அமர்த்தினாள். தடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

முப்பதாம் நாள் பிற்பகலில் மருமகள் கதவுக்குள்ளிருந்து தச்சரை அழைத்தாள். "அண்ணே, எல்லாம் முடிஞ்சுதா?" என்றாள். "முப்பத்தாறும் முடிஞ்சுதும்மா. குளிக்கற இடம் நாலு, அதுவும் முடிஞ்சுது" என்றார் அவர். அத்தையிடமும் கேட்டாள். "நானே போட்டுப் பார்த்தேன்மா. நல்லா விழுது" என்றார் நர்சம்மா. தாழ்ப்பாள் விலகியது. மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, அண்டை வீட்டுக்குப் போய்வரக் கிளம்புகிறவள் போல வெளியே காலெடுத்து வைத்தாள். ஒரு மாதம் ஒரே வெயிலில் ஒரே பக்கமாக இருந்ததால் அவள் வலது கன்னம் மட்டும் கறுத்திருந்தது. அதைப் பார்த்து மாமியார் சிரிக்க, மாமியாரின் காலில் இருந்த கட்டைப் பார்த்து மருமகள் சிரிக்க, கணவன் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான். கதவு காலியாக நின்றது அரை நிமிடம்கூட இல்லை. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வாளியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஊர் எழும்ப ஆறு ஆண்டுகள் ஆயின. புதிய கட்டட விதிகளில், அடித்தளத்தின் ஆழம், கம்பியின் தடிமன் ஆகியவற்றோடு, வீடு ஒன்றுக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளுடன் கூடிய கதவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எட்டாம் விதி சொல்கிறது. கதவுக்குப் பின்னால் சுவர் இருந்தாக வேண்டும் என்று அந்த விதி வற்புறுத்தவில்லை. புதிய மகப்பேறு மருத்துவமனைக்கு வரைபடத்தில் பதினாறு அறைகள். நர்சம்மா ஓய்வு பெறும்போது முப்பத்தெட்டு அறைகளின் பொறுப்பைக் கையெழுத்திட்டு ஒப்படைத்தார். தச்சருக்கு இப்போது கிடங்கு வேலை வந்தாலும் கை தானாக உள்பக்கம் போகிறது. அதனால் இரண்டு தானியக் கிடங்குகளை இன்றுவரை எவராலும் திறக்க முடியவில்லை. முகாம் அதிகாரி இதே ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அவர் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை தலையணையும் இரண்டு நாவல்களும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டின் எட்டாம் விதிக் கதவுக்குள் போனவர், வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தார். அதிகாரி அடுப்பில் இருந்த தேநீர்ப் பாத்திரத்தில் இன்னொரு தம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டு, மனைவி உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டார்.